ரைட்டர் தனிஸ்லாஸின் முப்பத்தெட்டாவது ஆட்டம்

தனிஸ்லாஸ் கோயிலுக்குள் நேராக நடப்பதில்லை. மாதா கோயில் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பாவியிருக்கிறது. வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போட்டதும் அவர் ஒரு கறுப்புக் கல்லில் ஏறுகிறார். அங்கிருந்து கோணலாக அடுத்த கறுப்புக்கு. அங்கிருந்து இன்னொன்றுக்கு. வெள்ளையில் கால் படாது. வழியில் யாராவது முழங்காலில் இருந்தால் நின்றுவிடுவார். அந்த ஆளுக்குப் பின்னால், அதே கோணத்தில், அடுத்த கல் காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். இருந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தாண்டிக் குதித்துவிட மாட்டார். நாற்பத்தாறு வயது, கோட்டுப் போட்டவர், மிஷன் பள்ளிக்கூடத்து ரைட்டர். ஆனால் மனத்துக்குள் அந்த ஆளை வெட்டித் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சுற்றிக்கொண்டு போவார். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பாக்கியமேரி, அந்த நேரத்தில் பீடத்தைத் தவிர வேறு எங்கும் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு எழுத்து வேலை. சேர்க்கை, நீக்கம், சர்ட்டிபிகேட்டு எல்லாம் அவர் கையெழுத்தில்தான். இவற்றைவிட அவருக்குப் பிடித்தது, பெரிய சாமியார் வாயால் சொல்லிவிட்டுப் போவதை விதியாக மாற்றி எழுதுவது. பையன்கள் மாமரத்தில் ஏறக் கூடாது என்று சாமியார் ஒரு வரியில் சொல்வார். மறுநாள் சுவரில் ஒட்டியிருக்கும் அறிக்கையில் மாமரம் என்றால் எது என்பதற்கு விளக்கம் இருக்கும். ஏறுவது வேறு, ஏறாமல் கிளையைப் பிடித்துத் தொங்குவது வேறு என்று இரண்டு பிரிவு இருக்கும். தானாக விழுந்த காய்க்கு ஓர் உட்பிரிவு. கல்லால் விழுந்த காய் தானாக விழுந்ததாகக் கருதப்படமாட்டாது என்று அதற்கு ஒரு குறிப்பு.

இப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு விளையாட்டு அகப்பட்டால் என்ன ஆகும்?

அந்த விளையாட்டின் பெயர் டிராப்ட். இளவயதில் ஒரு பிரெஞ்சுச் சாமியாரிடம் கற்றுக்கொண்டது. அறுபத்துநாலு கட்டம், ஆளுக்குப் பன்னிரண்டு காய். கறுப்புக் கட்டங்களில் மட்டும், கோணலாக, ஒவ்வொரு கட்டமாக முன்னேற வேண்டும். எதிரியின் காய் முன்னால் நின்று, அதற்குப் பின்னால் காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து அதை வெட்டலாம். எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையைத் தொட்ட காய் ராஜா. ராஜா பின்னாலும் நடப்பார். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். தனிஸ்லாஸுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"எல்லாரும் ஆடுற ஆட்டத்த ஆட எல்லாரும் இருக்காக. நாம எதுக்கு?" என்பார்.

ஆகவே அவர் புது ஆட்டங்கள் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். பலகை ஒன்றுதான், காய்களும் அவைதான்: ஒரு பக்கத்துக்கு மைப்புட்டிக் கார்க்கு, இன்னொரு பக்கத்துக்குச் சாக்பீஸ் துண்டு. விதிகள்தாம் மாறும். சம்பந்தி ஆட்டம் என்று ஒன்று. அதில் ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு காயை எதிரி வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை யாரும் வெட்டக் கூடாது, நகர்த்தவும் கூடாது. அது பாட்டுக்கு நடுக் கட்டத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாக்கியமேரி அதைக் கேட்டுவிட்டு, இது உங்கள் தங்கை நம் வீட்டில் வந்து எட்டு மாதம் தங்கியிருந்த கதை அல்லவா என்றாள். தபசு காலத்து ஆட்டம் என்று இன்னொன்று. வெள்ளிக்கிழமை மாமிசம் விலக்கு என்பதால் வெள்ளிக்கிழமைகளில் வெட்டும் விலக்கு. அதைக் கோயில் உபதேசியாரோடு ஒரு வெள்ளிக்கிழமை ஆடினார். ஒரு காயும் சாகாமல், இருபத்துநாலும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்க, உபதேசியார் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

வட்ட ஆட்டத்துக்குப் பலகை வட்டமாக வேண்டியிருந்தது. மதுரையில், வைகைக் கரையை ஒட்டிய சிம்மக்கல்லில் அவர்கள் குடியிருக்கும் வீட்டில் வட்டமாக இருந்தது அரிசி புடைக்கிற சுளகு ஒன்றுதான். தார் வாங்கி வந்து சுளகில் கட்டம் போட்டுவிட்டார். பாக்கியமேரி சத்தம் போடவில்லை. அன்றைக்கு அரிசியைக் கல் பார்க்காமல் அப்படியே உலையில் போட்டாள். முதல் கவளத்திலேயே தனிஸ்லாஸின் கடைவாய்ப் பல் ஒன்றின் ஓரம் பெயர்ந்தது. வட்ட ஆட்டம் கைவிடப்பட்டதாக நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து இட்டார்.

நல்லகாமன் வந்து சேர்ந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். நெடிய ஆள், அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஒரு நாழிகைக்கு வெற்றிலை வாசம் இருக்கும். தங்கை மகனுடைய சர்ட்டிபிகேட்டு வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், ரைட்டர் மேஜையில் ரிஜிஸ்தருக்கு அடியில் பலகை எட்டிப் பார்ப்பதைக் கண்டு, இது என்ன ஆடுபுலி மாதிரியா என்று கேட்டார். தனிஸ்லாஸ் சாதாரண ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். முதல் ஆட்டத்தில் நல்லகாமன் தோற்றார். இரண்டாவதில் தனிஸ்லாஸ் ஒரு புது விதியைச் சேர்த்தார். நல்லகாமன் மீசையைத் தடவியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது ரெண்டு பேருக்கும்தான?"

ஆமாம் என்றார் தனிஸ்லாஸ். நல்லகாமன் ஜெயித்தார். தனிஸ்லாஸ் விதியை மாற்றினார், மறுபடியும் நல்லகாமன் அதே கேள்வியைக் கேட்டு, மறுபடியும் ஜெயித்தார். பள்ளிக்கூடம் விட்டு, வாட்ச்மேன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றபோதுதான், சர்ட்டிபிகேட்டு இன்னும் எழுதவில்லை என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

அன்று முதல் ஆட்டம் தபால் கார்டில் நடந்தது. வாரத்துக்கு இரண்டு கார்டு போகும், இரண்டு வரும். கட்டங்களுக்கு எண் உண்டு. நல்லகாமன் எண்ணை மட்டும் எழுதுவார். "நலம். இருபத்திரண்டிலிருந்து பதினெட்டு. மழை இல்லை." இதற்கு மேல் அவர் கார்டில் ஒரு சொல் இருக்காது. தனிஸ்லாஸுக்கு அப்படி எழுத வராது. ஒரு காய் ஒரு கட்டம் நகர்ந்ததைச் சொல்ல அவருக்கு ஒரு கார்டு போதாமல், ஓரத்தில் கார்டைத் திருப்பிவைத்து எழுதுவார். படை புறப்படும், கரை நடுங்கும், எதிரிகள் ஓலமிடுவார்கள். இவ்வளவு எழுதியும் மூன்று வருஷத்தில், முப்பத்தேழு விதமான ஆட்டங்களில், அவர் நல்லகாமனை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஒவ்வொரு புது ஆட்டமும் நல்லகாமனை மடக்குவதற்கென்றே பிறந்தது. ஒவ்வொன்றிலும் அந்த மனிதர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நிதானமாக வந்து மடக்கிவிட்டுப் போனார்.

முப்பத்தெட்டாவது, ஆற்று ஆட்டம். பலகையின் நடு இரண்டு வரிசையும் வைகை. ஆற்றில் இறங்கிய காய் ஒரு முறை சும்மா நின்றுவிட்டுத்தான் அக்கரை ஏறலாம். ஒரே ஓர் இடத்தில் பாலம் உண்டு. அதன் வழியாகப் போனால் நிற்க வேண்டியதில்லை. ஆட்டம் முழுவதிலும் ஆளுக்கு ஒரு தடவை, விரும்பினால், அந்தப் பாலத்தை எடுத்துவிடலாம். அந்த வருஷம் சித்திரையில் இந்த ஆட்டம் தொடங்கியது. ஆவணி பிறந்தபோது தனிஸ்லாஸுக்கே நம்ப முடியாத ஒன்று நடந்திருந்தது. அவரிடம் ஏழு காய் இருந்தன. நல்லகாமனிடம் மூன்று.

அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கார்டை எடுத்து எழுதினார்: "உமது ராஜா தென்கரையில் தனியாக நிற்கிறார். அவருடைய ஆட்கள் இருவரும் வடக்கே சிக்கிக்கொண்டார்கள். என் ஆட்கள் ஐந்து பேர் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பாலத்தை எடுத்துவிடுகிறேன். பிறகு வெட்டுத்தான். இந்தத் தேசத்தில் ராஜாவுக்கு இனி இடமில்லை என்பதை அறியவும். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்."

அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம், ஆகஸ்டு மாதம். தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன. தண்டவாளத்தில் ஆணி கழன்றிருந்தது என்று தினம் ஒரு செய்தி வந்தது. ரயில் பாலங்களுக்கெல்லாம் துப்பாக்கிக் காவல் போட்டிருந்தார்கள். சந்தேகமான கடிதங்களைப் பிரித்துப் பார்க்கத் தபாலில் தனியாக ஆள் வைத்திருந்தார்கள். கார்டைப் பிரிக்க வேண்டிய சிரமமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியடில் சப்-இன்ஸ்பெக்டரும் ஏட்டு சுடலையும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர். இரண்டு வாரமாகப் பூட்ஸைக் கழற்றாதவர் போல நடந்தார். பெரிய சாமியார் வராந்தாவில் நின்று தாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, தனிஸ்லாஸைக் கூட்டிப்போனார்கள். அவர் பேனாவை மூடி, மைப்புட்டியை மூடி, எங்கே போகிறேன் என்று வருகைப் பதிவில் எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். போகும்போது அவருக்கு இருந்த கவலை ஒன்றே: பலகையை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறோம், பெருக்க வருகிற ராமக்காள் காயைக் கலைத்துவிடுவாளே என்பது.

ஸ்டேஷனில் கார்டை அவர் முன்னால் போட்டு, ராஜா யார் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நல்லகாமனோட ராஜாங்கய்யா."

"அவர நீ எதுக்கு வெட்டணும்?"

"அவரு என் ஆளுக அஞ்சு பேர ஏற்கனவே வெட்டிட்டாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் மெல்ல நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "எப்ப?"

"ஆடி மாசம் மூணு பேருங்க. பெறகு ஆவணி பொறந்ததும் ரெண்டு."

"பொணம் எங்க இருக்கு?"

"என் மேச டிராயர்லதாங்க."

இரண்டு கான்ஸ்டபிள்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். ஐந்து மைப்புட்டிக் கார்க்கை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு திரும்பினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கார்க்குகளை மேஜையில் வரிசையாக வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இது விளையாட்டுதான் என்றால் அதன் விதிகளைச் சொல் என்றார்.

இதைவிட இனிமையான வார்த்தையைத் தனிஸ்லாஸிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் விதியிலிருந்து தொடங்கினார். ஏட்டு சுடலை எழுதிக்கொண்டார். பன்னிரண்டாம் விதியில் சுடலையின் பென்சில் தேய்ந்தது; வேறு பென்சில் வந்தது. பதினான்காம் விதியின் மூன்றாம் உட்பிரிவை அவர் விட்டுவிட்டு எழுதியதைத் தனிஸ்லாஸ் தலைகீழாகவே படித்துக் கண்டுபிடித்துத் திருத்தினார். இருபத்தேழு விதியும் முடிந்தபோது பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்தது அங்கே வரை கேட்டது.

பாக்கியமேரி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றாள். அவளையும் விசாரித்தார்கள். புருஷன் ராஜாங்கத்துக்கு விரோதமாக ஏதாவது பேசுவதுண்டா என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இந்த மனுசன் கெடுத்தது என் சொளகு ஒண்ணுதாங்கய்யா," என்றாள் பாக்கியமேரி. "வெள்ளக்காரனக் கெடுக்கிற அளவுக்கு இவருக்கு ஏது நேரம்? ஆட்டத்த விட்டு எந்திரிச்சாத்தான?"

அவள் சொன்னதைச் சுடலை எழுதவில்லை. எழுதாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இதற்குள் சோழவந்தானுக்குப் போயிருந்த போலீஸார் ரயிலில் திரும்பினார்கள். வைகைக்குத் தெற்கே, சோழவந்தானுக்கு எதிரில், தென்கரை என்று மெய்யாகவே ஓர் ஊர் இருக்கிறது. தனியாக நிற்கும் ராஜாவை அங்கே தேடியிருக்கிறார்கள். ராஜாங்கம் என்று ஒரு கிழவர்தாம் அகப்பட்டார். அவருக்குக் காது கேட்காது. போலீஸார் கையைப் பிடித்து அழைத்ததை ஏதோ விசேஷத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வெளுத்த வேட்டி கட்டி, விபூதி இட்டு, சந்தோஷமாக வந்திருந்தார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பந்தி எப்போது என்று பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைக் கேட்டார்.

கூடவே நல்லகாமன். அவரைக் கடைவீதி வழியாக, இரண்டு போலீஸாருக்கு நடுவில், ரயிலடிக்கு நடத்தி வந்திருந்தார்கள். அன்று வெற்றிலை கிள்ளுகிற நாள். ஆட்கள் கொடிக்காலில் காத்திருந்தார்கள். பின்கட்டு அறையில் தனியாக உட்காரவைத்து, விதிகளைச் சொல்லச் சொன்னார்கள். தனிஸ்லாஸுக்கு ஒரு முற்பகல் பிடித்ததை நல்லகாமன் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்தார். சுடலை ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, பத்தொன்பதாம் விதி ஒன்றைத் தவிர.

பத்தொன்பதாம் விதி இது: ஆட்டம் நடக்கும்போது வைகையில் மெய்யாகவே தண்ணீர் வந்துவிட்டால், பலகை ஆற்றில் நிற்கிற காய்கள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்த் தம் வீட்டுக் கடைசி இரண்டு வரிசைக்குத் திரும்ப வேண்டும். தண்ணீர் சிம்மக்கல்லில் வர வேண்டும் என்றார் தனிஸ்லாஸ். சோழவந்தானில் வந்தால் போதும் என்றார் நல்லகாமன்.

சப்-இன்ஸ்பெக்டரின் முகம் மறுபடி இறுகியது. ஒரே ஆட்டத்தை ஆடுகிறவர்கள் ஒரே விதியை இரண்டு விதமாகச் சொல்வானேன்? இரண்டு பேரையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்தினார். பொய் சொல்கிறவன் கூட்டாளியின் முகத்தைப் பார்த்ததும் மாட்டிக்கொள்வான் என்பது அவர் கணக்கு.

தனிஸ்லாஸ் நல்லகாமனைப் பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறார். சௌக்கியமா என்று கேட்கவில்லை.

"கொடிக்கால்காரரே, தண்ணி சிம்மக்கல்லுலன்னுதான எழுதியிருக்கு?"

"வைகைன்னுதான் எழுதியிருக்கு, ரைட்டரே. சிம்மக்கல்லுன்னு எங்க எழுதினீக? எங்க ஊருல ஓடுறது என்ன, காவேரியா?"

அப்புறம் அவர்கள் போலீஸை மறந்துபோனார்கள். ஆற்று நீர் மேற்கேயிருந்து வருவதால் எப்போதும் சோழவந்தானில்தான் முதலில் தெரியும், அங்கே தெரிந்ததை இவர் கார்டில் எழுதி அது மதுரைக்கு வருவதற்குள் தண்ணீரே வந்துவிடும், ஆகவே அது அநியாயம் என்றார் தனிஸ்லாஸ். சோழவந்தானில் வருகிற தண்ணீரைப் பாதி வழியில் மணலே குடித்துவிடுகிறது, மதுரையில் வந்தால்தான் கணக்கு என்றால் விதியே எதற்கு என்றார் நல்லகாமன். அப்படியே முன்னொரு நாள் ஆடிய சம்பந்தி ஆட்டத்தில் நடந்த ஓர் அநியாயமும் வெளியே வந்தது. சுடலை யார் பக்கம் நியாயம் என்று தெரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போதும் என்று கையைத் தூக்கினார். மேலிடத்துக்கு அவர் எழுதியாக வேண்டும். இரண்டு பேர் சண்டை போட்டார்கள், ஆகவே விட்டுவிட்டேன் என்று எழுத முடியாது. நல்லகாமனை மறுபடி பின்கட்டுக்கு அனுப்பினார். தனிஸ்லாஸிடம் தரையில் சாக்பீஸால் அறுபத்துநாலு கட்டம் போடச் சொன்னார். காய்க்கு என்ன செய்வது என்று தேடி, கறுப்புக்குக் காலித் தோட்டா ஏழும், வெள்ளைக்குச் சாக்பீஸ் துண்டு மூன்றும் எடுத்துக் கொடுத்து, ஆட்டம் நின்ற இடத்தை அப்படியே வைத்துக் காட்டு என்றார். தனிஸ்லாஸ் ஒரு தடவை தயங்காமல் பத்தையும் வைத்தார். சுடலை அதைப் படமாக வரைந்துகொண்டார். காய்களை வாரி எடுத்துவிட்டு, தனிஸ்லாஸை வெளியே அனுப்பி, நல்லகாமனைக் கூப்பிட்டார்கள். நல்லகாமன் குந்தி உட்கார்ந்து, கொடிக்காலில் நாற்று ஊன்றுகிற மாதிரி, ஒவ்வொன்றாக வைத்தார்.

பத்தும் பத்தும் ஒன்றாக இருந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்போதுதான் அவருக்கு எவ்வளவு சின்ன வயது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. இனி யுத்தம் முடிகிறவரை தபாலில் ஆடுவதில்லை என்று இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். தனிஸ்லாஸ் எழுதிக் கொடுத்ததில் தபால் என்பதற்கு விளக்கம் இருந்தது. கிழவர் ராஜாங்கத்துக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து ரயில் ஏற்றிவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். போகலாம் என்று இவர்களிடமும் சொன்னார்.

இருவரும் எழுந்திருக்கவில்லை. தரையில் கட்டம் இருந்தது, காய்கள் இருந்தன, ஆட்டம் பாதியில் நின்றது. இனி கார்டும் கிடையாது.

"வெள்ளிக்கெழம பாலத்த எடுக்கிறேன்னு எழுதினேன்," என்றார் தனிஸ்லாஸ். "இன்னிக்கு வெள்ளிக்கெழம."

"எடுத்துக்கங்க," என்றார் நல்லகாமன். "ஆனா எங்க ஊருல விடியிறப்பவே தண்ணி வந்திருச்சு. மேக்க மலையில மழ. ஒங்க ஆளுக அஞ்சு பேரும் வீட்டுக்குப் போகணும்."

தனிஸ்லாஸ் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். நல்லகாமனும் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜையில் குவிந்திருந்த தபால்களைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். சோழவந்தான் தண்ணீர் கணக்கானால் தோட்டாக்கள் ஐந்தும் திரும்ப வேண்டும், ராஜா தப்புவார். மதுரைத் தண்ணீர்தான் கணக்கானால் இன்னும் மூன்று நகர்த்தலில் ராஜா செத்தார். இது அவருக்கே இப்போது தெளிவாகத் தெரிந்தது. விதியை எழுதியவர் ரைட்டர் என்பதால் மதுரைதான் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னார். மதுரையில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்த்துவர ஏட்டு சுடலையை அனுப்பினார்.

இருபது வருஷ சர்வீஸில் சுடலை எத்தனையோ விசாரணைக்குப் போயிருக்கிறார். ஆற்றை விசாரிக்கப் போனது அன்றுதான். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

பாக்கியமேரி வாசற்படியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து, எதிரெதிரே இருந்த இருவருக்கும் சோற்றை இலையில் வைத்துக் கொடுத்தாள். இருவரும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.

சுடலை திரும்பிவந்து விறைப்பாக நின்றார். "ஒரு சொட்டு இல்லீங்கய்யா. மணல்தான். கழுத பொரண்டுக்கிட்டுக் கெடக்கு."

"அப்ப ரைட்டர் ஜெயிச்சாச்சு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மூன்று வருஷமாகத் தனிஸ்லாஸ் இந்த நிமிஷத்தைப் பலவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறார். நினைப்பில் எப்போதும் நல்லகாமன் சோழவந்தானில் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சற்று நிற்பார். இங்கே நல்லகாமன் எதிரிலேயே இருந்தார். விதி விதிதான் என்பதுபோலத் தலையை அசைத்து, இலையை ஒதுக்கிவைத்துவிட்டு, தன் ராஜாவை எடுத்துக் கொடுக்க முன்னால் குனிந்தார். குனிந்தபோது அவர் காலிலிருந்து ஏதோ கட்டங்களின்மேல் உதிர்ந்தது.

தனிஸ்லாஸ் அதைப் பார்த்தார். காய்ந்த சேறு. நல்லகாமனின் இரண்டு காலும் பாதத்திலிருந்து முழங்கால் வரை சேறாக இருந்தன. அது வெடித்துப் பாளம் பாளமாகக் கழன்றுகொண்டிருந்தது. கொடிக்காலுக்குப் போக, விடியலில் தண்ணீர் வந்த ஆற்றில் இறங்கிய மனிதரை அப்படியே கரையேற்றி, கால் கழுவக்கூட விடாமல் கூட்டிவந்திருக்கிறார்கள். அந்தக் காலோடுதான் கடைவீதி முழுதும் நடந்திருக்கிறார்.

ராஜாவின்மேல் நல்லகாமனின் விரல் படுமுன் தனிஸ்லாஸ் அவர் கையைப் பிடித்து விலக்கினார். பிறகு முழங்காலில் நகர்ந்து, ஆற்றில் நின்ற தோட்டாக்கள் ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டு நுனியால் துடைத்து, தன் பக்கத்துக் கடைசி இரண்டு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்.